ஆறு லட்சம் ஆடுகளுக்கு நடுவே பட்டினி

டீ கொதிக்கிறது, ஆறட்டும். அதற்குள் ஒரு கணக்கு சொல்கிறேன். 1982இல், பிரிட்டன் ஆண்ட ஃபாக்லாந்து தீவுகளில் இருந்த மக்கள் சுமார் 1,800 பேர். ஆடுகள் சுமார் 6 லட்சம், கம்பளிக்காக வளர்க்கிற செம்மறிகள். அந்த ஆண்டு ஏப்ரல் 2இல் தீவுகளைக் கைப்பற்றிய அர்ஜென்டினா, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அங்கே இறக்கியது. ஜூன் 14இல் அவர்கள் பிரிட்டனிடம் சரணடைந்தபோது, குன்றுகளில் கிடந்த பையன்கள் பலர் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். இத்தனை ஆடு மேய்கிற ஊரில் ஒருவன் எப்படிப் பட்டினி கிடப்பான்?

முதலில் அந்தப் பையன்கள் யார் என்று பார்ப்போம். பெரும்பாலும் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டவர்கள், 18, 19 வயது. சிலருக்குப் பயிற்சி தொடங்கியே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கொரியன்டெஸ், சாக்கோ போன்ற வெயில் மாகாணங்களிலிருந்து வந்தவர்களும் நிறைய. தென்கோளத்தில் மே, ஜூன் குளிர்காலத்தின் வாசல். தோண்டினால் தண்ணீர் ஊறும் சதுப்பு மண்ணில் குழி வெட்டி, நனைந்த பூட்ஸோடு வாரக்கணக்கில் இருந்தார்கள். பாதம் மரத்து வீங்கி, நடக்கமுடியாமல் போனவர்கள் உண்டு.

சோறு ஏன் வரவில்லை? கடல் வழியைப் பிரிட்டன் அடைத்தது. மே 2இல் அர்ஜென்டினாவின் ஹெனரல் பெல்கிரானோ போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும், அந்நாட்டுக் கடற்படை தன் கரையோரத்துக்கே திரும்பிவிட்டது. விமானத்தில் வந்ததோ கொஞ்சம்தான். ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. தலைநகர் ஸ்டான்லியின் கிட்டங்கிகளிலும் கன்டெய்னர்களிலும் உணவு இருந்தது. அர்ஜென்டினப் படை சரணடைந்த பிறகு பிரிட்டிஷ் வீரர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். ஊரைத் தாண்டினால் நல்ல சாலை கிடையாது, ஹெலிகாப்டர்கள் போதவில்லை. சில கிலோமீட்டர் தள்ளிக் குன்றில் இருந்தவனுக்குக் கிடைத்தது நீர்த்த சூப், அதுவும் சில நாள் இல்லை.

அவன் கண்ணெதிரே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பண்ணை வேலை பார்த்து வளர்ந்தவனுக்கு அதைப் பிடிக்கவும் உரிக்கவும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுத்தார்கள், சுட்டுத் தின்றார்கள். ஆடு தீவுவாசிகளின் சொத்து. அனுமதியின்றித் தொடக்கூடாது என்பது கட்டளை. கட்டளையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஊரைப் பிடித்த படை, ஊராரின் பட்டியில் கை வைக்கக்கூடாதுதான். ஆனால் பிடிபட்டவனுக்கு என்ன நடந்தது தெரியுமா? தரையில் நான்கு முளை அடித்தார்கள். கூடாரத்துக்கு அடிக்கிற முளைதான். கையையும் காலையும் விரித்து அதில் கட்டி, ஈர மண்ணில், காற்றில், மணிக்கணக்கில் கிடத்தினார்கள். குண்டு விழும்போதும் கட்டு அவிழ்க்கப்படாமல் கிடந்ததாகச் சாட்சி சொன்னவர்கள் இருக்கிறார்கள். இதற்கு 'எஸ்தாக்கியோ' என்று பெயர். பழைய அர்ஜென்டினப் படைகளில் இருந்த தண்டனை.

உணவைக் கொண்டுசேர்க்கத் தவறியவர் அதிகாரி, அந்தத் தவறுக்காக முளையில் கட்டப்பட்டவன் பையன். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இது வெளியே தெரிய ஏன் இத்தனை காலம்? ஊர் திரும்பிய வீரர்களிடம், பார்த்ததைப் பேசமாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். போருக்குப் பிறகு ராட்டன்பாக் என்ற அர்ஜென்டினத் தளபதியின் தலைமையில் நடந்த விசாரணை, தலைமையின் திட்டமிடலையும் வழங்கலையும் கடுமையாகக் குறைகூறியது. ஆனால் அந்த அறிக்கை அதிகாரபூர்வமாக வெளிவர 2012 ஆயிற்று. முன்னாள் வீரர்கள் 2007இல் நீதிமன்றம் போனார்கள். அங்கே எழுந்த கேள்வி, இது சாதாரணக் குற்றமா, காலாவதியே ஆகாத மானுட விரோதக் குற்றமா என்பது. சாதாரணக் குற்றம் என்றால் வழக்குத் தொடுக்கும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அதிகாரிகள் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டது. 2015இல் ரகசியம் நீக்கப்பட்ட ராணுவக் கோப்புகளிலோ, அந்த வீரர்கள் சொன்னது பதிவாகியிருந்தது: பசி, முளை, கட்டு.