மாத்திரை மாறியது, சாப்பாட்டு நேரம் மாறவில்லை

புதுடெல்லி: நெஞ்செரிச்சலுக்குக் கைமருந்துபோல் விழுங்கப்பட்டு வந்த ரானிடிடின், 2022 செப்டம்பரில் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள் அதில் கலந்திருப்பதாக 2019-லேயே பல நாடுகளில் எச்சரிக்கை எழுந்திருந்தது.

அதன் இடத்தை வேறு மாத்திரைகள் பிடித்துக்கொண்டன. தலைநகரின் சாப்பாட்டு நேரம் மட்டும் மாறவில்லை. இரவு பத்து மணிக்குச் சோலே பட்டூரா, கையோடு படுக்கை! எண்ணெயில் பொரித்த உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கும்; படுத்ததும் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும். உறங்குவதற்கு 3 மணி நேரம் முன்பே அளவாக உண்டு முடிக்கும்படி மருத்துவர்கள் கூறுகின்றனர்.

வேலை முடிந்து நெடுந்தூரம் பயணித்து வீடு திரும்புவோருக்கு இது எளிதன்று. மாலையிலேயே ரொட்டியும் பருப்பும் உண்டுவிட்டால், இரவில் சிறிதளவு போதும். விழுங்குவதில் சிரமமோ, காரணமற்ற எடைக்குறைவோ தென்பட்டால், உணவுமுறையை மட்டும் நம்பியிராமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.