விருந்தினரும் விருந்தளிப்போரும்

இரு நாட்டு மாணவர் ஒருவர் இல்லத்தில் மற்றவர் தங்கிப் பழகுவதை மாணவர் பரிமாற்றம் என்கிறோம். பரிமாற்றம் என்னும் சொல்லே இரு திசையில் நிகழும் செயலைக் குறிக்கும். ஆகவே எத்தனை பேர் பயணம் செய்தனர் என்பதைவிட, யார் விருந்தினராயினர், யார் விருந்தளித்தனர் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

இவ்வினா மதுரைக்குப் புதிதன்று. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்த அமெரிக்க அருட்பணியின் வழியில், 1881-இல் பசுமலையில் அமெரிக்கன் கல்லூரியும் 1948-இல் லேடி டோக் கல்லூரியும் தோன்றின. ஓகையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியைச் சார்ந்த அருட்பணியாளர் பலர், 1900-இல் சீனத்தில் எழுந்த பாக்சர் கலகத்தில் ஷான்சி மாகாணத்தில் உயிரிழந்தனர். அவர்கள் நினைவாக 1908-இல் உருவான ஷான்சி சங்கம், சீனத்தில் பணியாற்ற இயலாத நிலை ஏற்பட்டபின் மதுரையின் பக்கம் திரும்பியது. ஓபர்லின் பட்டதாரிகள் இவ்விரு கல்லூரிகளிலும் தங்கி ஆங்கிலம் கற்பித்தனர். நற்பணியே. எனினும் அங்கிருந்து வந்தோர் இளைஞர். இங்கிருந்து சென்றோர் பெரும்பாலும் ஆசிரியர். மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் மாணவனுக்கு விருந்தினரைக் காணும் வாய்ப்பு இருந்தது. தானே விருந்தினனாகும் வாய்ப்பு அரிதாயிருந்தது.

பாலஸ்தீன, பிரித்தானியப் பள்ளி மாணவரிடையே இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. லண்டனின் கேம்டன் பகுதிக்கும், எருசலேமின் கிழக்கே உள்ள அபூ தீஸ் ஊருக்கும் இடையே ஒரு நட்புச் சங்கம் இத்தகைய பயணங்களை நடத்தி வந்துள்ளது. லண்டன் மாணவர் டெல் அவிவில் வந்து இறங்கலாம். அபூ தீஸ் மாணவரோ பொதுவாக யோர்தானைக் கடந்து, அம்மான் சென்று விமானம் ஏறவேண்டும். அண்டையிலுள்ள எருசலேமுக்குச் செல்லவும் அனுமதிச்சீட்டு வேண்டும். இடையே நிற்கும் சுவரைச் சட்டத்திற்கு முரணானதெனப் பன்னாட்டு நீதிமன்றம் 2004-இல் கருத்துரைத்தது. அங்குச் செல்லும் பிரித்தானிய மாணவர், 1917-இன் பால்ஃபர் அறிக்கையையும் 1948 வரை நீடித்த தம் நாட்டு ஆட்சியையும் நேரிற் சந்திக்கின்றனர்.

அந்நாட்டுக் கடற்கரையிலேயே அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரம் நிகழ்கிறது. பேதுரு முதலில் யோப்பாவில் தோல் பதனிடும் சீமோனின் விருந்தினர். அவ்வீட்டிலேயே கொர்நேலியுவின் ஆட்களுக்கு இடமளிக்கிறார் (வச. 23). பின்னர்ச் செசரியாவில் சில நாள் தங்கும்படி அவரையே வேண்டிக்கொள்கின்றனர் (வச. 48). எருசலேமில் அவர்மீது எழுந்த குற்றச்சாட்டு, போதித்தார் என்பதன்று. உடன் உண்டார் என்பதே (11:3). தோல் தொழிலைத் தீட்டென்று ஒதுக்கிய சமுதாயத்தில் வாழும் நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

நம் சேகரங்களை நோக்குவோம். நகர்ச் சபை இளைஞர் விடுமுறையில் உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிச் சிற்றூர்களுக்குச் சென்று பாடல் கற்பித்துத் திரும்புகின்றனர். அதனை ஊழியம் என்கிறோம். அச்சிற்றூர்களின் தலித் இளைஞர் நகரத்து இல்லங்களில் ஒரே பந்தியில் உண்டு, ஒரே அறையில் உறங்கிய நாள்கள் எத்தனை? விருந்தளிக்க மட்டும் அறிந்த சபை கொடையாளியாகவே நின்றுவிடும். விருந்தேற்க மட்டும் விடப்பட்ட சபை கைநீட்டியே நிற்கும். வரும் கோடையில் நம் இளைஞரை அனுப்புமுன், அங்கிருந்து வருவோருக்கு நம் இல்லங்களில் பாய் விரிப்போமாக. பரிமாற்றம் அங்கேயே தொடங்குகிறது.