வாண்டு, தீம் பார்க், ஒரு சி.எல்.!

மே மாத ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஏதாவது ஒரு தீம் பார்க் வாசலில் நிற்கும் இளம் அப்பாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? இடது இடுப்பில் ரெண்டு வயசு வாண்டு. வலது தோளில் பால் புட்டி, மாற்று டிரஸ், பிஸ்கட், பொம்மை எல்லாம் திணித்த மூட்டை. பல்லிடுக்கில் டிக்கெட். முகத்தில், வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கும் ரயில் பயணியின் களை!

உள்ளே போனால் ராட்டினத்துக்கு முக்கால் மணி நேர க்யூ. ரெண்டு வயசுக்கு க்யூ என்றால் என்ன தெரியும்? முதல் அஞ்சு நிமிஷம் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும். அடுத்த அஞ்சு நிமிஷம் முன்னால் நிற்கும் மாமியின் பின்னலைப் பிடித்து இழுக்கும். ராட்டினம் கைக்கெட்டும் தூரத்தில் வரும்போது, "அப்பா... ஆய்!" என்று அறிவிக்கும். போய்விட்டு வந்தால் மறுபடி க்யூவின் வாலில்தான் நிற்கவேண்டும்.

இந்த அப்பாக்களிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. உங்கள் வாண்டுக்கு இன்னும் ஸ்கூலே கிடையாது. அப்புறம் எதற்கு சார், ஸ்கூல் லீவில் போகிறீர்கள்?

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு, செலவு, காலாண்டு என்றுதான் புத்தி போகும். தீம் பார்க்கையும் அப்படித்தான் பார்த்தேன். வொண்டர்லா 2014-ல் ஷேர் மார்க்கெட்டுக்கு வந்த கம்பெனி. கொரோனா வருஷங்களைத் தள்ளிவிட்டு அதன் காலாண்டு ரிசல்ட்டுகளைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஏப்ரல் - ஜூன் அமோகம். ஜூலை - செப்டம்பர் டல். கம்பெனிக்கு டல்லடிக்கும் அந்தக் காலாண்டுதான் கைக்குழந்தைக்காரனுக்கு போனஸ்!

எப்போ கிளம்பலாம்?

பெங்களூரு பக்கம் போவதானால் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை. வெயில் இருக்காது. தூறல் இருக்கும், குடை போதும். ஆகஸ்ட் 15, பிள்ளையார் சதுர்த்தி, சனி, ஞாயிறு... இந்த நாட்களைக் கண்ணை மூடிக்கொண்டு தவிர்த்துவிடுங்கள். செவ்வாய், புதன் உத்தமம்.

சென்னை என்றால் கணக்கு வேறு. ஜூனில் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். அக்டோபர், நவம்பரில் புயல் சின்னம் எங்கே கரை கடக்கும் என்று ரமணன் சார் காலத்திலிருந்து காத்திருக்கிறோம். பொங்கல் முடிந்து, பள்ளிச் சுற்றுலா பஸ்களின் வரத்தும் ஓய்ந்த பிப்ரவரி, மார்ச்தான் நமக்குத் தோது. காற்றும் இதமாக இருக்கும். அதைவிட முக்கியம், அது பரீட்சை சீசன்! ப்ளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் டி.வி.யே ஓடாது. தீம் பார்க்காவது, ஒண்ணாவது! ஊரே பாடப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் வாண்டைத் தூக்கிக்கொண்டு ஈ.சி.ஆரில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். அந்தப் பக்கம் பழைய ஆட்கள் வி.ஜி.பி.யும் எம்.ஜி.எம்.மும். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் வந்துவிட்டது.

போகிற அன்றைக்கு பார்க் திறந்திருக்கிறதா, எந்தெந்த ராட்டினம் ரிப்பேரில் இருக்கிறது என்று முன்தினமே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஆள் வராத மாதங்களில்தான் பெரிய பெரிய மெஷின்களைப் பிரித்துப் போட்டு சர்வீஸ் பண்ணுவார்கள். சாப்பாட்டுக் கடைகளில் பாதி மூடியிருக்கும். சாயங்காலம் சீக்கிரமே விசிலடித்துவிடுவார்கள். உங்கள் வாண்டு ஏழரைக்கே தூங்கி வழியும் என்பதால் கவலை இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்த அப்பா

தீம் பார்க் என்ற சமாசாரமே ஒரு அப்பாவின் கடுப்பில் பிறந்ததுதான். லாஸ் ஏஞ்சலஸில் க்ரிஃபித் பார்க் என்று ஒரு இடம். வால்ட் டிஸ்னி தன் ரெண்டு பெண்களையும் அங்கே குடை ராட்டினத்துக்குக் கூட்டிப்போவார். பெண்கள் சுற்றுவார்கள். இவர் பெஞ்சில் தேமேயென்று உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். 'பிள்ளைகளும் பெத்தவங்களும் சேர்ந்து சந்தோஷப்பட ஒரு இடம் இல்லையே' என்று அந்த பெஞ்சில் தோன்றியதுதான், 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்டாகத் திறந்தது.

திறப்பு விழா அன்று கள்ள டிக்கெட் வேறு புகுந்து, கூட்டம் எகிறிவிட்டது. புதுசாகப் போட்ட தார் ரோடு வெயிலில் இளகி, பெண்மணிகளின் ஹை ஹீல்ஸ் அதில் புதைந்தது. பிளம்பர்கள் ஸ்டிரைக்கால் குடிதண்ணீர்க் குழாய்களும் போதவில்லை. கூட்ட நாளில் போனால் என்ன ஆகும் என்பதற்கு முதல் சாட்சி, உலகத்தின் முதல் டிஸ்னிலாண்டே!

பிறகு அவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் மூணு வயசுக்குள் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. பெரிய ராட்டினத்தில் அம்மா போகும்போது அப்பா குழந்தையோடு வெளியே நிற்கலாம்; அம்மா வந்ததும், அப்பா முழு க்யூவிலும் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். இதற்கென்றே தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கூட்டமில்லாத நாளில் நம்ம ஊரில் அந்த ஏற்பாடே தேவையில்லை. க்யூ இருந்தால்தானே!

என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் எந்த ராட்சச ராட்டினத்தையும் விட்டுவைத்ததில்லை. குழந்தை பிறந்த பிறகு, போன ஜூலையில் பெங்களூரு பக்கம் ஒரு பூங்காவில்தான் மறுபடி ஏறினாள். ரெண்டு கையும் காலியாக, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, ஒரே சமயத்தில் மூணு தடவை! இறங்கி வந்தவள் முகத்தில் ரெண்டு வருஷத் தூக்கக்கலக்கம் காணாமல் போயிருந்தது. டிக்கெட் காசு அங்கேயே வசூல்.

85 சென்டிமீட்டர் பிரச்னை

வொண்டர்லாவில் டிக்கெட் வயசைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்து. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி ரெண்டு வயசு ஆண் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 87. அதாவது, ரெண்டாவது பிறந்த நாள் கேக்கை வெட்டும் நேரத்தில் சலுகையும் வெட்டு! ரெண்டு வருஷமாக 'நல்லா வளரணும்டா ராஜா' என்று நெய் ஊற்றிப் பிசைந்து ஊட்டிய அப்பா, அளவுகோல் பக்கத்தில் வந்ததும், 'லேசா குனிஞ்சு நில்லுடா' என்று கிசுகிசுப்பதைப் பார்க்கலாம்.

டிக்கெட்டில் குனியலாம், ராட்டினத்தில் நிமிரக்கூடாது. அங்கே உயர வரம்பு என்பது சும்மா இல்லை. இடுப்பையும் தோளையும் அழுத்திப் பிடிக்கும் கம்பி, ஒரு குறிப்பிட்ட உடம்பு அளவுக்காகச் செய்தது. பொடிசு அதற்குள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். 'கூட்டம் இல்லையே, ஒரு தடவை விடுங்க சார்' என்று ஆபரேட்டரிடம் தயவுசெய்து கெஞ்சாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை. காலியாக இருக்கும் குளம்தான் ஏமாற்றும். முழங்கால் அளவுத் தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கும். கத்தாமல், சத்தமில்லாமல் மூழ்கும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அந்த ஒருவர் கையில் செல்போன் இருக்கக்கூடாது. மழை நாளில் குளிர் வேறு. பதினஞ்சு, இருபது நிமிஷத்தில் உதடு நீலம் பாய்வதற்குள் தூக்கித் துவட்டிவிடுங்கள்.

சாப்பாடு? வெளிச் சாப்பாட்டை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். குழந்தைக்கான கஞ்சி, பருப்பு சாதத்துக்குப் பொதுவாகத் தடை சொல்வதில்லை. அதையும் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பகல் ஒரு மணிக்கு வாண்டு தூங்கியாகவேண்டும். அந்தத் தூக்கத்தைக் கெடுத்து 'இன்னும் ரெண்டு ரைடு பாக்கி இருக்கே' என்று இழுத்துக்கொண்டு அலைந்தால், மூணு மணிக்கு அது உங்களுக்கு ரைடு காட்டும்!

ஸ்பானர் மாமா

அந்தப் பெங்களூரு பூங்காவில் என் பையனுக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? குட்டி ரயில் இல்லை. யானை பொம்மை இல்லை (அதைப் பார்த்து ஊரே கூடும்படி அலறினான்). மூடிக் கிடந்த ஒரு ராட்டினம்! நீலச் சட்டை போட்ட மெக்கானிக் ஒருவர் அதன் அடியில் உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். இவன் வேலிக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்துவிட்டான். அவர் கை போகும் திசையெல்லாம் இவன் தலையும் போனது. இருபத்தஞ்சு நிமிஷம் ஆள் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து வந்து ஒரு சின்ன ஸ்பானரைத் துடைத்து இவன் கையில் கொடுத்தார். கிருஷ்ணகிரிக்காரராம். நம்ம பாஷை.

"எத்தினி வயசு சார்?"

"ரெண்டே கால்."

"எனக்கும் இதே வயசுல ஒண்ணு இருக்கு. சீசன்ல எங்களுக்கு லீவே கெடையாது சார். மே மாசம் பூரா ஊர்ப்பட்ட பசங்கள சுத்த வெக்கிறேன், ஒருத்தன் மொகமும் மனசுல நிக்காது. இப்பதான் வர்ற கொழந்தைங்க மொகமே தெரியுது." ஸ்பானரைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னார்: "அடுத்த வாரம் நாலு நாள் லீவு. ஊருக்குப் போய் என் பையனைத் தூக்கிட்டு சும்மா கே.ஆர்.பி. அணைப் பக்கம் போய்ட்டு வரணும்."

கூட்ட நாளில் இந்தப் பேச்சு நடந்திருக்குமா? அவருக்கு நேரம் இருக்காது. எனக்கு க்யூ இருந்திருக்கும். என் பையனை, 'வாடா, இதுல என்ன இருக்கு' என்று தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருப்பேன். மலிவு சீசனில் கிடைக்கும் உண்மையான சலுகை இதுதான். இத்தனை ரூபாய்க்கு இத்தனை ரைடு என்று கணக்குத் தீர்க்க வேண்டியதில்லை. குழந்தை எங்கே நிற்கிறதோ, அங்கே நீங்களும் நிற்கலாம்.

நினைவிருக்குமா?

கிளம்பும்போது வீட்டில் ஒரு பெரியப்பா நிச்சயம் கேட்பார். "ரெண்டு வயசுல கூட்டிட்டுப் போயி என்னடா பிரயோஜனம்? அவனுக்கு ஞாபகமா இருக்கப்போவுது?"

பெரியப்பா சொல்வது சரிதான். நம்மில் பெரும்பாலோருக்கு முதல் நினைவு மூணு, மூணரை வயசில்தான் ஆரம்பிக்கிறது என்று மனநூல்காரர்களும் சொல்கிறார்கள். என் பையனுக்கு ராட்டினமும் நினைவிருக்காது, ஸ்பானர் மாமாவும் நினைவிருக்காது.

ஆனால் பி.காமில் ரெண்டு வகைச் செலவு சொல்லிக்கொடுப்பார்கள். அந்த வருஷத்தோடு பலன் தீர்ந்துபோவது வருவாய்ச் செலவு. பல வருஷத்துக்குப் பலன் தருவது மூலதனச் செலவு. தீம் பார்க் டிக்கெட், குழந்தையின் கணக்கில் வருவாய்ச் செலவு. அப்பா கணக்கில் மூலதனச் செலவு! காலையில் அது தூங்கும்போது ஆபீஸுக்குக் கிளம்பி, ராத்திரி அது தூங்கியபின் வீட்டுக்கு வரும் ஆசாமிகள் நாம். அதன் முழித்த முகத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பார்த்துக்கொண்டே இருப்பது என்பது நம் லெட்ஜரில் வேறு எங்கே வரும்?

எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் நாமும் காலண்டரில் சிவப்பு மையைத் தேடும் கூட்டத்தில் ஐக்கியம். மே மாதம், பதினோரு மணி, முக்கால் மணி நேர க்யூ!

ஆகவே, நாளைக்கே லீவ் லெட்டரை நீட்டுங்கள். மேனேஜர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை தீம் பார்க்கா? ஏன்யா, ஞாயித்துக்கிழமை போகக்கூடாதா?" என்று கேட்பார். பொறுமையாகச் சொல்லுங்கள்:

"சார், எடுக்காத சி.எல். டிசம்பர் 31-ஓட காலாவதி. என் பையனோட ரெண்டு வயசும் அதே மாதிரிதான். அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது... என்கேஷ்மென்ட்டும் கிடையாது!"