காலொடிந்த ரகரம்

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் புதுக்கடை திறந்தால் துணிப்பையில் கடைப்பெயரை இப்போதெல்லாம் 'ஸ்டைலாக' அடிக்கிறார்கள். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பின் பைக்கு மவுசு கூடியது. அதில் அடிக்கும் எழுத்துக்கும்தான். கல்யாணப் பத்திரிகைகளில் பார்த்த அதே ரகம்: நிற்கும் கோடு தடிமன், படுக்கும் கோடு மயிரிழை. வாழைத்தண்டையும் அதன் நாரையும் சேர்த்து எழுத்தாக்கியது போல இருக்கும்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் டிடோ குடும்பமும் இத்தாலியின் பார்மாவில் போடோனியும் வளர்த்த பாணி இது. வழவழப்பான தாள் வந்த பிறகே அத்தனை மெல்லிய கோடு அச்சில் நின்றது. 'வோக்' பத்திரிகையின் முகப்புப் பெயர் அந்த வம்சம்தான். பெரிய அளவு, சுற்றிலும் தாராளமான வெற்றிடம், நல்ல தாள் மூன்றும் அமைந்தால் இதன் அழகே தனி.

ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவையும் தனித்தனியே வெட்டினார்கள். சின்ன எழுத்தில் மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்குவது வெட்டுபவரின் சாமர்த்தியம். கணினியில் ஒரே வரைவைச் சுருக்கியும் பெருக்கியும் வேலையை முடிக்கிறோம். இந்தக் குறையை உணர்ந்துதான் ஐ.டி.சி. எழுத்துரு நிறுவனம் 1994இல் போடோனியை 6, 12, 72 பாயிண்ட் என மூன்று அளவுகளுக்கு மூன்று விதமாக வரைந்து வெளியிட்டது.

தமிழுக்கு வருவோம். ஸ்ரீரங்கம் வாணி விலாஸ் அச்சகம் 1910இல் 20 தொகுதிகளாகக் கொண்டுவந்த ஆதிசங்கரர் நூல்களின் நாகரி எழுத்தில் தடிப்பும் மெலிவும் இயல்பாக அமைந்திருந்தன. நாணல் பேனா போட்ட வழி அது. ஓலையில் எழுத்தாணி கீறிய தமிழ்க் கோடோ ஏறக்குறைய ஒரே பருமன். தமிழில் தடிப்பு, மெலிவு விளையாட்டு பெரும்பாலும் அச்சு தந்த சீதனம்.

வேடிக்கை ரகரத்தில் இருக்கிறது. ஓலைச்சுவடிகளில் 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் ஒரே உருவம். படிப்பவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்று இரண்டையும் பிரிப்பது ரகரத்தின் அடியில் சாய்ந்து நிற்கும் அந்தச் சின்னக் கால் மட்டுமே. அதையும் இழையாக்கிப் பையில் அடித்தால் என்ன ஆகும்? ஸ்கிரீன் வலையின் நூலே சில இடங்களில் மையை மறித்துவிடும். பருத்தியின் மேடுபள்ளம் மிச்சத்தை விழுங்கிவிடும். மார்க்கெட்டை ஒட்டிய மரக்கடை, மாக்கடை ஆகிவிடும்! கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்து விட்டால் இன்னும் மோசம். இரு பக்கமும் மை கசிந்து இழையை மூடிவிடும்.

இது எழுத்துருவின் குற்றமல்ல. மானிட்டரில் நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்த்து 'ஓகே' சொல்வதுதான் குற்றம். ஆங்கிலப் பெயருக்கு 'பிளேஃபேர் டிஸ்பிளே' போட்டுவிட்டு, அதில் தமிழ் எழுத்தே இல்லாததால் கைக்குக் கிடைத்த ஒன்றைக் கீழே ஒட்டுவதும் அதே அலட்சியம். கூகுளின் 'நோட்டோ செரிஃப் தமிழ்' இலவசம். 9 பருமன்களில் கிடைக்கிறது. மெலிந்ததைப் பத்திரிகைத் தலைப்புக்கு வைத்துக்கொண்டு, தடித்ததைப் பைக்குக் கொடுக்கலாம்.

பை அடிக்கக் கொடுக்கும் வியாபாரிகள் அதே துணியில் ஒரு மாதிரி அடித்து வாங்கி, கை நீளத்தில் பிடித்துப் படித்துப் பார்த்த பிறகு ஆர்டரை உறுதி செய்யட்டும்.