திருக்காவலூர்ப் பாட்டு
ஏலாக்குறிச்சி, அரியலூர் மாவட்டம் | 18ஆம் நூற்றாண்டு

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள இவ்வூரைத் ‘திருக்காவலூர்’ என்று அழைத்து, இங்குள்ள அடைக்கல மாதாவின்மேல் கலம்பகம் பாடினார் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747).

சூசையப்பரை ‘வளன்’ எனத் தமிழாக்கி அவர் பாடிய காப்பியம் தேம்பாவணி: 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள். பெயரை ‘தேம்பா அணி’ எனப் பிரித்தால் வாடாத மாலை. ‘தேன் பா அணி’ என்றால் தேன் போன்ற பாக்களால் ஆன மாலை.

காப்பியம் முடிந்த ஆண்டு 1726 என்பர். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப், ஹோமரின் ‘ஒடிசி’யை ஈரடிப் பாக்களாக ஆங்கிலத்தில் வெளியிட்டு முடித்தார். போப்பின் அடிகள் ஈற்றில் ஒலி ஒத்து முடியும். முனிவரின் அடிகள் தொடக்கத்திலேயே, இரண்டாம் எழுத்தில் எதுகையாக ஒன்றும்.