டாக்டர் வராவிட்டால் பாண்டு பணம் என்ன ஆகும்?

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை என்றால் களிமண் மட்டுமல்ல, சிலிக்கா தூசியும் சேர்த்துத்தான். மண் அரைக்கும் இடத்தில் பல வருடம் நின்றவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால், அது காசநோயா சிலிக்கோசிஸா என்று எக்ஸ்ரேயைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல நெஞ்சக நிபுணர் வேண்டும். உள்ளூர் அரசு மருத்துவமனையில் அப்படி ஒருவர் இல்லாத நாளில் கடலூருக்கோ பாண்டிச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். இந்த மாதிரி ஊர்களுக்கும் டாக்டர் கிடைக்கத்தான் அரசு சலுகை கொடுக்கிறது, கூடவே வேலைக்கு வருவதாகப் பாண்டும், அதாவது உறுதிப் பத்திரமும், எழுதி வாங்குகிறது.

தமிழ்நாட்டில் அந்தச் சலுகை பெரும்பாலும் ரொக்கமல்ல, மேற்படிப்பு இடம். ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பட்ட மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று சொன்னது. வெளியிலிருந்து சேருபவர் படிப்பு முடிந்ததும் 2 ஆண்டு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும், தவறினால் 40 லட்சம் ரூபாய் என்று இருந்தது. அந்தக் காலம் பின்னர் குறைக்கப்பட்டது. இப்படிப்பட்ட பாண்டு செல்லும் என்பதும் 2019 ஆகஸ்ட் 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிவாகிவிட்டது.

அப்படியானால் வேலைக்கு வராத எல்லோரும் பாண்டுத் தொகை முழுவதற்கும் கடன்காரர்களா? இல்லை. முதலில் அரசு பணி ஆணை கொடுத்திருக்க வேண்டும். கூப்பிடாமலே காலத்தைக் கடத்திவிட்டுப் பணம் கேட்டால் அது கோர்ட்டில் நிற்பது கஷ்டம். சேரத் தயார் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலும் ஒப்புகைச் சீட்டும் அங்கே பெரிய சாட்சி.

அடுத்தது எவ்வளவு என்ற கேள்வி. இங்குதான் சிக்கல். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவுப்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஆனால் அரசு உத்தரவின் கீழ் பொதுக் கடமைக்காக எழுதிக் கொடுத்த பத்திரமானால் முழுத் தொகையும் கட்ட வேண்டும் என்று அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அரசோடு ஒப்பந்தம் போட்டாலே அது பொதுக் கடமையாகிவிடாது என்று அதற்கும் ஒரு விளக்கம்! வக்கீல்களுக்கு வேலை வைக்கும் பிரிவு. ஒப்பிட்டுப் பார்க்க: அமெரிக்க மத்திய அரசு வேலையில் சேர ஊக்கத்தொகை வாங்கியவர் பாதியில் தானாக விலகினால், வேலை பார்க்காத காலத்துக்கான பங்கைத்தான் திருப்பிக் கட்டுவார். அந்தக் கணக்கை இங்கே பழைய 2 ஆண்டு, 40 லட்சம் பாண்டுக்குப் போட்டால், 24 மாதத்தில் 18 மாதம் பார்த்தவர் தர வேண்டியது 10 லட்சம். என்னைக் கேட்டால் அதுதான் நியாயம், வசூலாகக்கூடியதும் அதுதான்.

வசூல் நோட்டீசில் தொடங்கும். பதில் இல்லையென்றால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கதவைத் தட்டுவார்கள். பிறகு சிவில் வழக்கு. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு கெடு; அரசு வழக்குப் போட 30 ஆண்டு. கோப்பு தூங்குவதற்கு இந்த நீண்ட கெடுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். படித்த கல்லூரியில் அசல் சான்றிதழை நிறுத்தி வைப்பது பழைய பழக்கம். சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, அடகுப் பொருள்போல வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சொத்து எதுவும் இல்லாமல் கடன்பட்டவர் இறந்துவிட்டார், ஆள் இருக்குமிடமே தெரியவில்லை, வசூல் செலவு வரவேண்டிய தொகையைத் தாண்டும் என்ற நிலைகளில்தான் தள்ளுபடிப் பேச்சு எழும். அதைக் கல்லூரி முதல்வர் தன் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. தொகை கூடக் கூட ஒப்புதல் மேலே போகும். எடுத்த முயற்சிகள் எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். யார் தாமதத்தால் பணம் போனது என்று தணிக்கையில் கேட்பார்கள். கணக்கிலிருந்து நீக்கியதாலேயே கடன் தீர்ந்துவிடாது. கெடுவுக்குள் சொத்து தெரியவந்தால் மறுபடி கேட்கலாம். விட்டுக்கொடுத்தோம் என்று அரசே எழுதிக் கொடுத்தால்தான் அது தீரும்.

எத்தனை பேர் பாண்டு முறித்தார்கள், எவ்வளவு வசூலானது, எவ்வளவு தள்ளுபடி என்று யாரும் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாள். பெயர்களைக் கேட்காமல் ஆண்டுவாரியாக மொத்தத் தொகையைக் கேட்டால், தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்க வழியிருக்காது.