கணிப்பொறியில் இரட்டை வாய்க்கால்

பிள்ளையோ பெண்ணோ கல்லூரியில் சேர்ந்தவுடன், மேஜைக் கணிப்பொறி ஒன்று வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. டில்லிவாசிகள் நேரு பிளேஸுக்கும், மும்பைவாசிகள் லாமிங்டன் ரோட்டுக்கும், பெங்களூரில் இருப்பவர்கள் எஸ்.பி. ரோட்டுக்கும் புறப்படுகின்றனர். கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டுகிறார். அதில் 'ரேம் 16 ஜி.பி.' என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பதினாறு ஒரே ஸ்டிக்காக வருகிறதா, எட்டும் எட்டுமாக இரண்டு ஸ்டிக்குகளாக வருகிறதா என்பதை அவ்வரி பெரும்பாலும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. பதினாறு பதினாறுதானே என்று எண்ணிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். கொள்ளளவைப் பொறுத்தமட்டில் அந்த எண்ணம் சரியே. வேகத்தைப் பொறுத்தமட்டில் அன்று. இதன் காரணத்தை அறிந்துகொள்ள மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

கணிப்பொறியின் மூளையான பிராசசர், தனக்கு வேண்டிய செய்திகளை ரேம் என்னும் நினைவகத்திலிருந்து ஓயாமல் எடுத்த வண்ணம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே மதர்போர்டில் செம்புக் கம்பிகளால் ஆன வழி ஒன்று உண்டு. அதைத்தான் ஆங்கிலத்தில் 'சேனல்' என்கிறார்கள். நம் மொழியில் வாய்க்கால் என்றால் பொருத்தமாகவே இருக்கும். ஒரு வாய்க்காலில் ஒரு தடவைக்கு 64 பிட்டுகள், அதாவது 8 பைட்டுகள் செல்லும். டி.டி.ஆர்.4-3200 என்று பெயரிட்டு விற்கப்படும் நினைவகத்தில் வினாடிக்கு 320 கோடித் தடவை இப்பரிமாற்றம் நிகழ்கிறது. எட்டால் பெருக்கினால் 2,560 கோடி பைட்டுகள், கடைமொழியில் 25.6 ஜி.பி. ஒரே ஸ்டிக் போட்ட கணிப்பொறியில் எட்டக்கூடிய உச்ச அளவு இதுவே. அந்த ஸ்டிக்கின் கொள்ளளவு 8 ஆனாலும் 32 ஆனாலும் இவ்வெண் மாறாது. இரண்டு வாய்க்கால்களிலும் ஒவ்வொரு ஸ்டிக்கைப் பொருத்தினாலோ 51.2 ஜி.பி. ஆகிறது.

இரட்டிப்பு எவ்வாறு நிகழ்கிறது? கலியாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட வரிசை, சாம்பார் வாளியுடன் ஒருவரே பரிமாறினால் கடைசி இலைக்கு வருவதற்குள் முதல் இலைக்காரர் ரசத்துக்குக் காத்திருப்பார். இருவர் வந்து, ஒற்றைப்படை இலைகளை ஒருவரும் இரட்டைப்படை இலைகளை மற்றவருமாகக் கவனித்தால் பந்தி பாதி நேரத்தில் நகரும். பிராசசரும் தன் செய்திகளை 64 பைட்டு கொண்ட சிறுசிறு கட்டுகளாகப் பிரித்து, ஒரு கட்டை முதல் வாய்க்காலிலும் அடுத்ததை இரண்டாம் வாய்க்காலிலுமாக மாற்றி மாற்றி வைக்கிறது. ஆகவே, தொடர்ச்சியாக எடுக்கும்போது இரண்டும் ஒருங்கே வேலை செய்கின்றன. ஆனால் ஒன்று: எந்த ஒரு தனிக் கட்டும் வந்து சேரப் பிடிக்கும் நேரம் இதனால் பாதியாகிவிடாது. ஒரே ஒரு விருந்தாளிக்கு இரண்டு பேர் பரிமாற வந்து என்ன பயன்?

இவ்வேற்பாடு வீட்டுக் கணிப்பொறிகளுக்கு வந்த வரலாறும் சுவையானது. 2001இல் என்விடியா நிறுவனம் தன் என்ஃபோர்ஸ் சிப்செட்டில் டி.டி.ஆர். நினைவகத்துக்கு இரு வாய்க்கால் வைத்தது. அதிலேயே படக்காட்சிப் பகுதியும் உள்ளடங்கியிருந்தமையால் அதற்கு அந்தத் தேவை அதிகம். 2003இல் வந்த பென்டியம் 4 பிராசசர்கள் சில வினாடிக்கு 6.4 ஜி.பி. வரை செய்தியை உட்கொள்ள வல்லவை. அந்நாளைய டி.டி.ஆர்.400 ஸ்டிக் ஒன்று தரவல்லதோ 3.2 தான். பாதி வயிற்றோடு உழைத்த அந்த மூளைக்கு இன்டெல்லின் 865, 875 சிப்செட்டுகள் இரண்டு வாய்க்கால்களைத் திறந்துவிட்டன. ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் 64 பிராசசர் அதே ஆண்டில் 754 ஊசிகளுடன் ஒற்றை வாய்க்காலாக வந்து, 2004இல் 939 ஊசிகளுடன் இரட்டை வாய்க்காலாயிற்று. ஊசிகளின் எண்ணிக்கை உயர்ந்ததைப் பாருங்கள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் தனிக் கம்பிகள் வேண்டும். கம்பி பெருகினால் பலகையின் விலையும் பெருகும். 2008இல் இன்டெல் மூன்று வாய்க்கால்களையும், 2011இல் நான்கையும் தன் உயர்விலை மேஜைக் கணிப்பொறிகளுக்கு அளித்தது. எனினும் நாம் வாங்கும் சாதாரணக் கணிப்பொறி இன்றளவும் இரண்டோடு நின்றதற்குச் செலவே முக்கியக் காரணம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மதர்போர்டில் ரேம் செருகும் ஸ்லாட்டுகள் நான்கு இருக்கின்றன. ஆகவே நான்கு வாய்க்கால் என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. வாய்க்கால் இரண்டே, ஒவ்வொன்றிலும் இரண்டு மடைகள். பிராசசருக்கு அருகிலிருந்து எண்ணினால் ஏ1, ஏ2, பி1, பி2 என்று பெயரிட்டிருப்பார்கள். இரண்டு ஸ்டிக்குகளையும் அடுத்தடுத்து ஏ1, ஏ2 ஆகியவற்றில் செருகிவிட்டால் இரண்டும் ஒரே வாய்க்காலில் அமர்ந்துவிடும். கொள்ளளவு சரியாகவே காட்டும், வேகம் ஒற்றைதான். இரண்டுக்குப் பணம் கொடுத்து ஒன்றின் பயனை அனுபவிக்கும் நிலை!

இரண்டே ஸ்டிக்குகளானால் ஏ2, பி2 ஆகிய இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் செருகும்படி பெரும்பாலான மதர்போர்டுக் கையேடுகள் கூறும். கம்பி, முதல் ஸ்லாட்டைத் தொட்டு இரண்டாவதில் முடிகிறது. கடைசி ஸ்லாட் காலியாக இருந்தால் மின்குறி அந்த வெற்று முனையில் மோதித் திரும்பி, வருகிற குறியைக் கலக்கும். முனையில் ஸ்டிக் இருந்தால் இத்தொல்லை குறைவு.

எட்டும் நாலுமாகப் போட்டால்? சமமில்லாத இணையையும் பல கணிப்பொறிகள் ஏற்றுக்கொள்கின்றன. எட்டிலிருந்து நாலும், மற்றதன் நாலும் சேர்ந்து 8 ஜி.பி. இரட்டை வாய்க்காலாக இயங்கும். மீதி 4 ஜி.பி. ஒற்றையாக இயங்கும். வெவ்வேறு வேகமுள்ள ஸ்டிக்குகளைச் சேர்த்தால், இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கே ஓடும்.

இவ்வளவும் யாருக்கு முக்கியம்? கடிதம் எழுதவும், பாடம் கேட்கவும், கணக்குப் போடவும் மட்டுமே பயன்படுத்துகிறவருக்கு வேற்றுமை எளிதில் புலனாகாது. தனி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கும் பாதிப்பு குறைவே. அந்தக் கார்டு தன் நினைவகத்தைத் தானே கொண்டு வருகிறது. படக்காட்சிப் பகுதி பிராசசரிலேயே அடங்கிய கணிப்பொறிகளில்தான் நிலைமை வேறு. 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி போன்றவை, தனிக் கார்டின் செலவு வேண்டாம் என்பதற்காகவே நம்மவர் பலர் நாடும் வகை. அங்கே பிராசசரும் படக்காட்சிப் பகுதியும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரே ஸ்டிக் போட்டால் பொறியியல் வரைபடமும் விளையாட்டும் தடுமாறும். இரண்டாவது ஸ்டிக்கைச் சேர்த்தவுடன் மாற்றம் கண்கூடாகத் தெரியும். பணத்தை மிச்சப்படுத்தவென்று இவ்வகை வாங்கிவிட்டு ஒற்றை ஸ்டிக்கோடு நிறுத்துவது, என் கருத்தில், சிக்கனமாகாது.

அதற்காகக் கொள்ளளவைத் தியாகம் செய்து, பதினாறுக்குப் பதில் நாலும் நாலுமாக எட்டு வாங்குவதும் பேதைமை. இடம் போதாமற்போனால் கணிப்பொறி வட்டுக்கு ஓடி ஓடித் திரும்பும். அந்தத் தாமதத்தை எந்த வாய்க்காலும் ஈடுசெய்யாது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை வெகுவாக ஏறியதைப் பார்த்தோம். கையில் பணம் குறைவாகவும், தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளதாகவும் இருந்தால், 16 ஜி.பி. ஸ்டிக் ஒன்றை இப்போது வாங்கி, அதே வகையில் இன்னொன்றைப் பின்னர் சேர்ப்பது குற்றமில்லை. இரண்டே ஸ்லாட்டுள்ள சிறு மதர்போர்டில் சிறிய ஸ்டிக்குகளால் இரண்டையும் நிரப்பிவிட்டால், பிறகு விரிவாக்க வழியின்றி இருப்பதைக் கழற்ற நேரிடும்.

புதிய டி.டி.ஆர்.5 நினைவகம் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அதன் ஒவ்வொரு ஸ்டிக்கும் 32 பிட் கொண்ட இரண்டு சிறு வாய்க்கால்களாகப் பிரிந்திருக்கிறது. ஆகவே, ஒரே ஸ்டிக் போட்டாலும் 'இரண்டு சேனல் உண்டே' என்று விற்பனையாளர் சாதிக்கலாம். அகலத்தைக் கூட்டிப் பாருங்கள்: 32ம் 32ம் 64 தான். முழு அகலமான 128க்கு இங்கும் இரண்டு ஸ்டிக்குகள் வேண்டும். அதற்காக நான்கையும் நிரப்புவது நன்மை என்று எண்ண வேண்டாம். ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. குறித்துள்ள வேகம் இரண்டு ஸ்டிக்குகளுக்கு 5200, நான்கு ஸ்டிக்குகளுக்கு 3600.

வீட்டிலுள்ள கணிப்பொறியைச் சோதிக்க, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதைக் காணலாம். சி.பி.யு-இசட் என்னும் இலவச மென்பொருள் வாய்க்கால்களின் எண்ணிக்கையையே காட்டிவிடும். ஒற்றையென்று தெரிந்தால் மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் மின்னேற்றத்தை இறக்கிய பின் ஸ்டிக்கை இடம் மாற்றலாம். ஸ்டிக்கின் அடியிலுள்ள வெட்டு, ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்த வேண்டும். 'கிளிக்' என்று தாழ் விழும்வரை அழுத்த வேண்டும். டி.டி.ஆர்.5 ஆனால், மாற்றிய பின் முதன்முறை மின்சாரம் கொடுக்கையில் திரை சில நிமிஷங்கள் இருண்டே இருக்கக்கூடும். கணிப்பொறி புதிய நினைவகத்தோடு பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்து இணைப்பைத் துண்டித்துவிடாமல் பொறுத்திருங்கள்.